வாக்குமூலமும் மர்மமும்: அயர்லாந்து நூல்களைப் பற்றித் திருவனந்தபுரத்து வாசகன் ஒருவனின் அபிப்பிராயங்கள்

மர்ம நாவல் படிக்கிறவர்களும் சுயசரிதை படிக்கிறவர்களும் இரு வேறு ஜாதியார் என்பதாக ஓர் எண்ணம் நம்மவரிடையே வெகுகாலமாக நிலைத்திருக்கிறது. முதல் வகையார் ரயில் பிரயாணத்தில் பொழுதைப் போக்குவதற்காகப் படிப்பவர்கள் என்றும், இரண்டாம் வகையார் வாழ்க்கையில் பயன் பெறுவதற்காகப் படிப்பவர்கள் என்றும் கருதி, முன்னவரிடம் சற்று அலட்சியமும் பின்னவரிடம் சற்று மிகையான மரியாதையும் காட்டி வருகிறோம். அயர்லாந்து தேசத்தோடு ஏதேனும் ஒரு வகையில் சம்பந்தப்பட்ட நூல்களை, திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு, பல வருஷங்களாக ஓர் ஒழுங்குமின்றிப் படித்து வந்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயம் இதற்கு மாறானது. அந்நாட்டார் எழுத்தில் இவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் ஒருவன் சாட்சி சொல்கிறான். அவன் சொல்வதைவிடச் சொல்லாமல் விட்டதைத் தேடுகிற வாசகனுக்கே இரண்டும் பூரணமான பலனைத் தருகின்றன.

இது என் கற்பனை அன்று என்பதற்கு, இவ்விலக்கியத்தின் ஆரம்பமே சான்றாகும். டப்ளின் நகரத்தவரான ஜோசப் ஷெரிடன் லெ ஃபானு, 1838-இல் ‘டப்ளின் யூனிவர்ஸிடி மாகஸீன்’ என்ற பத்திரிகையில் ஒரு கதை பிரசுரித்தார். பூட்டிய அறைக்குள் சூதாடி ஒருவன் கொலையுண்டு கிடக்க, உள்ளே நுழைந்தவனும் வெளியேறியவனும் எவ்வழியாக வந்தார்கள், எவ்வழியாகப் போனார்கள் என்று எவருக்கும் விளங்காமல், வீட்டுக்குடையவர்மீது சந்தேகம் மட்டும் படிந்து நிற்பதே அக்கதையின் முடிச்சு. துப்பறியும் கதையின் பிதாமகர் என்று உலகம் கொண்டாடும் எட்கர் ஆலன் போ தம்முடைய பூட்டிய அறைக் கதையை எழுதியது 1841-இல் என்பதை நினைக்கும்போது, டப்ளின்காரர் மூன்றாண்டு முந்திக்கொண்டார் என்பது தெளிவாகும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லெ ஃபானு அதைக் கதையாகச் சொல்லவில்லை. ஒரு சீமாட்டி தன் இளமைக்கால அனுபவத்தைத் தன் வாயாலேயே சொன்னதாகவும், அதனைப் பர்ஸல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தம் காகிதங்களில் குறித்து வைத்துப் போனதாகவும் அமைத்தார். ஆக, மர்மக் கதை அந்நாட்டில் பிறந்தபோதே நினைவுக் குறிப்பின் உடையை உடுத்திக்கொண்டுதான் பிறந்தது. 1864-இல் அதே கருவை அவர் ‘அங்கிள் சைலஸ்’ என்ற பெரிய நாவலாக விரித்தபோதும், பெண்ணொருத்தி தன் கதையைத் தானே சொல்லும் முறையை மாற்றிக்கொள்ளவில்லை.

லெ ஃபானுவின் அந்த முதற்கதை வந்த அடுத்த ஆண்டே, அதாவது 1839-இல், நம் நாட்டைக் களனாகக் கொண்ட ஒரு நூல் லண்டனில் வெளிவந்தது. பிலிப் மெடோஸ் டெய்லர் பிறப்பால் லிவர்பூல்காரர். ஹைதராபாத் நிஜாமின் சேனையில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்றபின் டப்ளினை அடுத்த ஹெரால்ட்ஸ் கிராஸில் குடியேறி, அங்கிருந்துகொண்டே ‘தாரா’, ‘சீதா’ முதலிய நாவல்களை எழுதியவர். அவருடைய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ தக்’ என்ற நூலில், வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையிடும் கூட்டத்தவனான அமீர் அலி என்ற தக்கன், தான் புரிந்த கொலைகளையெல்லாம் ஒரு துரையின் முன்னிலையில் அமர்ந்து ஆற அமரச் சொல்லிக்கொண்டு போகிறான். அவன் குற்றவாளி, அதே சமயத்தில் அரசாங்கத்தின் அப்ரூவர். தக்கர்களை ஒழிக்க ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் நடத்திய நடவடிக்கை முழுவதும் இத்தகைய அப்ரூவர்களின் வாய்மொழியை நம்பியே நடந்தது என்பது சரித்திரம். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து உயிர் தப்பியவன் தன் வீரப் பிரதாபங்களை, தன்னைச் சிறையில் வைத்திருப்பவனிடமே ரசனையோடு சொல்லும்போது, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு துரையின் முகம் பார்த்துச் சொன்னது என்ற கேள்வியைப் பக்கத்துக்குப் பக்கம் எழுப்பாமல் அந்நூலைப் படிக்க இயலாது. டெய்லரின் சொந்தச் சுயசரிதை அவர் காலமானபின் 1877-இல் அச்சாயிற்று. அது நல்ல நூலே ஆயினும், கற்பனைத் தக்கனின் வாக்குமூலத்தில் இருக்கும் உயிர்த்துடிப்பு, மெய்யான கனவானின் வரலாற்றில் இல்லை என்பது என் கட்சி.

அப்ரூவர் என்ற சொல் அயர்லாந்துக்காரன் காதில் விழும்போது உண்டாகும் அருவருப்பை நாம் முழுவதும் உணர்ந்துகொள்வது கடினம். அந்நிய ஆட்சிக்கு எதிராக அங்கே எழுந்த இரகசியச் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தமைக்கு உள்ளிருந்து துப்புக் கொடுத்தவர்களே காரணமென்ற நம்பிக்கை மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. லியாம் ஓ ஃப்ளாஹர்டி 1925-இல் எழுதிய ‘தி இன்ஃபார்மர்’ என்ற நாவலில், சொற்பப் பணத்துக்காக நண்பனைக் காட்டிக்கொடுத்தவன் ஓர் இரவு முழுவதும் டப்ளின் தெருக்களில் அலைந்து அழிவதைக் காணலாம். துப்பறிபவனின் நிலையும் அதைவிட மேலானதாக இல்லை. டப்ளின் போலீஸின் ‘ஜி டிவிஷன்’ துப்பறிவாளர்கள் தேசபக்தர்களை வேவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தார்கள். 1919, 1920 ஆண்டுகளில் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் அவர்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள். இத்தகைய தேசத்தில் ஷெர்லக் ஹோம்ஸ் போன்ற ஒரு நாயகன் முளைப்பதெப்படி? ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அயர்லாந்து வம்சத்தவரே. ஆனால் அவர் பிறந்தது எடின்பரோவில், அவருடைய நாயகன் வாழ்ந்தது லண்டனில்.

இவ்விடத்தில் நம் போலீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 1843-இல் சிந்து மாகாணத்தைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் அங்கே நிறுவிய போலீஸ் அமைப்பு அயர்லாந்துக் கான்ஸ்டபுலரியை மாதிரியாகக் கொண்டது. அந்த மாதிரியின் நிழல் பிற்பாடு தேசம் முழுவதும் படர்ந்தது. ஆகவே அயர்லாந்துக் குடியானவனுக்கும் நம் ஊர்க் குடியானவனுக்கும் போலீஸ் சீருடையைக் கண்டால் ஒரே விதமான கலக்கம் உண்டானதில் வியப்பொன்றுமில்லை. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோர் எழுதிக் குவித்த காலத்தில், ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூராரின் திகம்பர சாமியாரும் நம் மனத்தில் இடம் பிடித்த அளவுக்கு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் இடம் பிடித்ததுண்டா என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அயர்லாந்தில் பிறந்து இங்கிலீஷ் துப்பறியும் நாவலில் பெரும்பெயர் எடுத்தவர் ஃப்ரீமன் வில்ஸ் க்ராஃப்ட்ஸ். 1879-இல் டப்ளினில் பிறந்து, பெல்ஃபாஸ்ட் பக்கத்து ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்தவர், நெடுநாள் நோயாய்ப் படுத்திருந்த காலத்தில் பொழுது போகாமல் எழுதத் தொடங்கியதன் விளைவே 1920-இல் வெளியான ‘தி காஸ்க்’. லண்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கும்போது ஒரு மரப்பீப்பாய் கைநழுவி விழுந்து பலகை விண்டுவிடுகிறது. விரிசல் வழியாக மரத்தூளும், மரத்தூளோடு தங்க நாணயங்களும் உதிர்கின்றன. நாணயத்தின் மீது ஆசைகொண்டு இன்னும் சற்று நோண்டிப் பார்த்த குமாஸ்தாவின் கண்ணுக்கு ஒரு பெண்ணின் கைவிரல்கள் தென்படுகின்றன. அதற்குப் பிறகு நானூறு பக்கம் அந்தப் பீப்பாய் எந்த ரயிலில், எந்தப் படகில், எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்ற கணக்கே நாவல். ரயில்வே கைடைப் படிப்பதுபோல் இருக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கோ, மனித வாய்மொழியை நம்பாத ஒருவர் கால அட்டவணையை நம்பினார் என்றே தோன்றுகிறது. சாட்சி பொய் சொல்லலாம், ஆனால் எட்டேகால் மணிப் படகு எட்டேகால் மணிக்குத்தான் புறப்பட்டது! இத்தனை திறமையும் கொண்டவர் தம் நாயகனான இன்ஸ்பெக்டர் ஃப்ரெஞ்சை வைத்தது ஸ்காட்லாந்து யார்டில். அல்ஸ்டருக்கு அவர் ஃப்ரெஞ்சை அழைத்து வந்ததுண்டு, விருந்தாளியாகத்தான்.

துப்பறியும் நாவல் இப்படி வெளிநாட்டில் குடியிருக்க, உள்நாட்டில் செழித்தது சுயசரிதை. தேசத்தின் மேற்கு ஓரத்தில் ப்ளாஸ்கட் என்ற சிறு தீவில் மீன் பிடித்து வாழ்ந்த தோமாஸ் ஓ கிரிஹன் தம் தாய்மொழியிலேயே தம் வாழ்க்கையை எழுதி 1929-இல் அது வெளிவந்ததும், அத்தீவினரிடமிருந்தே மேலும் மேலும் நூல்கள் வந்தன. 1953-இல் அரசாங்கம் அத்தீவை முழுவதும் காலி செய்துவிட்டது. அத்தகைய வறுமை வரலாறுகள் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டதைக் கண்டு ஃப்ளான் ஓ ப்ரையன் 1941-இல் ஒரு முழு நையாண்டி நூலே எழுதினார். எனினும் சம்பிரதாயம் அழியவில்லை: லிமரிக் நகரத்துச் சேரியில் வளர்ந்து, நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஃப்ராங்க் மக்கோர்ட், 1996-இல் ‘ஏஞ்சலாஸ் ஆஷஸ்’ எழுதிப் புலிட்ஸர் பரிசும் பெற்றார். உலகம் கண்ணீர் விட்டது. லிமரிக்கார் சிலரோ, எங்கள் ஊர் இப்படியில்லை, இந்த ஆள் அபாண்டம் பேசுகிறார் என்று வெகுண்டு எழுந்தார்கள். நான் மக்கோர்ட்டின் பக்கந்தான். ஐந்து வயதுப் பையன் தன் பசியைப் பற்றிச் சொல்லும்போது ஊர்ப் பெரியவர்களின் மறுப்பு அத்தனை வலுவுடையதாக எனக்குப் படவில்லை.

நமக்கு அண்மையான ஒன்றையும் குறிப்பிட வேண்டும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் பாதிரியார், 1814-இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் ஜில்லாவில் ஸ்காட்லாந்து வம்சத்தில் பிறந்தவர்; அவர் கைப்பிடித்த எலிஸா, அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோயிலில் மிஷன் நடத்திய மால்ட் பாதிரியாரின் புதல்வி. கால்டுவெல்லின் நினைவுக் குறிப்புகளை அவர் மருமகன் வயட் 1894-இல் சென்னையில் பதிப்பித்தார். மாமனாரின் வாழ்க்கையை மருமகன் பதிப்பிக்கும்போது எவை எடுபட்டுப் போயிருக்கும் என்று ஊகித்துக்கொண்டு படிப்பது ஒரு துப்பறியும் வேலைதான்.

ஆனால் திருவனந்தபுரத்தில் வசிக்கும் வாசகன் எவனும் தட்டிக்கழிக்க முடியாத அயர்லாந்துச் சுயசரிதை ஒன்றே. மியூசியம் தோட்டத்தில், ரவிவர்மாவின் படங்களும், நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலைக் காட்சிகளும், தஞ்சாவூர்ப் படங்களும், சீனம், ஜப்பான், பாலி ஆகிய இடங்களின் கலைப்பொருள்களும் நெடுங்காலம் ஒரே கூரையின்கீழ் இருந்த ஸ்ரீ சித்ராலயம் 1935-இல் திறக்கப்பட்டபோது அதன் பின்னணியில் இருந்து தேர்ந்தெடுத்தும் திட்டமிட்டும் கொடுத்தவர், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் 1873-இல் பிறந்த கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ். கீழ்நாட்டுக் கலைகள் அனைத்தும் ஓர் உறவுமுறைக்குள் அடங்குபவை என்ற அவருடைய கொள்கையை, அங்கே தஞ்சாவூர்க் கிருஷ்ணனிலிருந்து திரும்பி நான்கடி நடந்தால் சீனப் பட்டோவியம் நிற்பதில் கண்ணாலேயே காணலாம். அவரும், ராஸ்காமன் ஜில்லாவில் பாயில் என்ற ஊரில் பிறந்த மனைவி மார்கரெட்டும் சேர்ந்து எழுதிய ‘வி டூ டுகெதர்’ 1950-இல் சென்னை கணேஷ் கம்பெனியாரால் வெளியிடப்பட்டது. எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலில் கணவரும் மனைவியும் மாறி மாறிப் பேசுகிறார்கள்; ஒருவருடைய சாட்சியத்தை மற்றவருடைய சாட்சியமே குறுக்கு விசாரணை செய்கிறது என்பதுதான் அதன் தனிச்சிறப்பு.

முடிச்சுகளுக்கு அதில் பஞ்சமில்லை. 1904-இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற வேலையற்ற வாலிபன் டப்ளினில் இவர்கள் வீட்டில் சில நாள் தங்கினான். தம்பதிகள் சைவ உணவுக்காரர்கள். வாலிபனுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் அவன் எழுதிய கேலிப் பாட்டொன்றில் கஸின்ஸின் கவிதை அகப்பட்டுக்கொண்டு அவமானப்படுகிறது. விருந்துண்டவனின் கேலியையும் விருந்தளித்தவர்களின் நினைவையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, உலக இலக்கியத்தின் பேராசானைவிட இந்தத் தம்பதிகளே நல்ல மனிதர்களாகத் தோன்றுகிறார்கள். ஆனால் நல்ல மனிதர்களாக இருப்பது நல்ல கவிஞனாக இருப்பதற்குச் சமமாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1915-இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பின்பேரில் இவர்கள் சென்னைக்கு வந்து, கஸின்ஸ் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி மூண்டது. தூக்குக்கும் துப்பாக்கிக்கும் இரையான தலைவர்களில் கவிஞர்களும் இருந்தார்கள். அவர்களைப் புகழ்ந்து இவர் எழுதிய கட்டுரையால் வேலை போயிற்று. தம் உடம்பில் ஓடுவது பெரும்பாலும் அயர்லாந்து ரத்தமே என்று பெருமை பேசியவர் பெசன்ட்; சுயாட்சி கோருவதற்கென்றே பத்திரிகை நடத்தியவர். அவருடைய பத்திரிகையிலிருந்து ஓர் அயர்லாந்துக் கவிஞன், அயர்லாந்தின் விடுதலைக்கு இறந்தவர்களைப் பாராட்டியதற்காக நீங்க நேர்ந்த விசித்திரத்தை எந்த மர்ம நாவலாசிரியர் புனைந்திருந்தாலும் நம்பத்தகாததென்று ஒதுக்கியிருப்போம். அரசாங்கம் பத்திரிகைச் சட்டத்தின்கீழ் ‘நியூ இந்தியா’விடம் ஈட்டுத்தொகை கேட்ட ஆண்டும் 1916 தான் என்ற ஒரு விவரத்தைப் பக்கத்தில் வைத்தால், முடிச்சு பாதி அவிழ்கிறது.

மார்கரெட்டின் பகுதிகளே நூலின் ஜீவன் என்பேன். பெண்களின் வாக்குரிமைக்காக லண்டனில் ஹாலோவே சிறை, அயர்லாந்தில் டல்லமோர் சிறை, பின்னர் நம் நாட்டில் பேச்சுரிமையை நெரித்த அவசரச் சட்டங்களை எதிர்த்ததற்காக 1932-இல் வேலூர்ச் சிறை என்று மூன்று நாட்டுச் சிறைகளை அனுபவித்த அம்மையார், 1919-இல் மதனபள்ளியில் ரவீந்திரநாதர் பாடக் கேட்டு ‘ஜன கண மன’வின் இசையை ஸ்வரக்குறிப்பாக எழுதியவரும் ஆவார். சங்கீதம் பயின்ற காதுக்குரிய நுட்பம் அவர் உரைநடையில் இருக்கிறது. கணவரோ சற்று விரித்துப் பேசுகிறவர், பட்டமும் வரவேற்பும் அவருக்கு மறப்பதில்லை.

என் சந்தேகம் திருவனந்தபுரத்து அத்தியாயங்களைப் பற்றியது. 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. மறு ஆண்டில் கஸின்ஸ் ஹிந்து சமயத்தைத் தழுவி ஜயராம் என்ற நாமம் பூண்டார். திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ஆதரவு அவருக்கிருந்தது. அந்தத் திவானின் ஆட்சியில்தான் 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் தொழிலாளர்மீது துப்பாக்கி வெடித்தது. டப்ளின் கிளர்ச்சிக்காரர்களைப் பாராட்டி உத்தியோகத்தை இழக்கத் துணிந்தவர், முப்பது ஆண்டு கழிந்தபின், தமக்கு ஆதரவளித்த ராஜ்யத்தில் நடந்த இன்னொரு கிளர்ச்சியை எவ்விதம் மனத்தில் வாங்கிக்கொண்டார் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்புத்தகத்தைத் திறக்க வேண்டும். கலைக்கூடத்துக்கு நன்றி செலுத்துவதால் அக்கேள்வி ரத்தாகிவிடாது.

பிற்காலத்து அயர்லாந்து மர்ம நாவல்கள் உயர்ந்து நிற்பதற்குக் காரணமும், அவை சுயசரிதையின் வேலையை ஏற்றுக்கொண்டதுதான். அங்கே பிறந்து இங்கிலாந்தின் ஆஸ்தான கவியான செஸில் டே லூயிஸ், நிக்கோலஸ் ப்ளேக் என்ற புனைபெயரில் 1938-இல் எழுதிய ‘தி பீஸ்ட் மஸ்ட் டை’யின் முற்பகுதி, மகனை இழந்த தகப்பன் ஒருவனின் நாட்குறிப்பு, அந்நாட்குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதே பிற்பகுதியின் விஷயம். (மேலே சொல்வது மர்ம நாவல் வாசகர் சங்கத்து விதிகளுக்கு விரோதம்.) ஜான் பான்வில், பெஞ்சமின் ப்ளாக் என்ற பெயரில் 2006-இல் எழுதிய ‘கிறிஸ்டின் ஃபால்ஸ்’ நாவலில், பிணப் பரிசோதனை செய்யும் டாக்டர் க்வர்க், 1950-களின் டப்ளினில் மதஸ்தாபனங்களும் பெரிய மனிதர்களும் சேர்ந்து மறைத்த ஒரு காரியத்தைத் தோண்டுகிறார், மூன்றாண்டு கழித்து வெளியான ரையன் கமிஷன் அறிக்கை, அந்நாட்டுச் சமய விடுதிகளில் குழந்தைகள் பட்ட கொடுமையைச் சாட்சிகளின் வாய்மொழியாகவே வெளியிட்டது. டானா ஃப்ரெஞ்சின் ‘இன் த வுட்ஸ்’ நாவலில் துப்பறிவாளனே தன் பாலியத்தின் ஒரு பகற்பொழுதை மறந்துபோனவன். தான் பொய் சொல்பவன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். ‘நினைவுப்பாதை’, ‘நவீனன் டைரி’, ‘வாக்குமூலம்’ என்று தம் நாவல்களுக்குப் பெயரிட்டு, இந்த ஊரில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்த நகுலன் அதைப் படித்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

மறைக்கப்பட்டதைச் சாட்சியத்தால் தோண்டும் இவ்வேலையைக் கேரளத்தில் நாவல் செய்யவில்லை. தகப்பன் ஒருவர் செய்தார். 1976 மார்ச் முதல் தேதி, கோழிக்கோடு எஞ்சினீயரிங் கல்லூரி மாணவன் ராஜன் போலீஸாரால் பிடிக்கப்பட்டு, கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டான். ஹிந்திப் பேராசிரியராக இருந்த அவன் தந்தை ஈச்சரவாரியர், மகனைத் தேடித் திருவனந்தபுரத்துக்கு வந்து மந்திரிகளின் வாசலில் நின்றதையும், அவசரநிலை நீங்கியபின் 1977-இல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டதையும், அதன் விளைவாகக் கருணாகரன் முதலமைச்சர் பதவியைத் துறந்ததையும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். உடல் கிடைக்கவேயில்லை. அதே மாநிலத்தில், 1970-இல் நக்ஸலைட் வர்கீஸ் மோதலில் இறந்ததாகப் போலீஸார் சொன்னதை, மேலதிகாரியின் உத்தரவின்பேரில் நானே சுட்டேன் என்று 1998-இல் ராமச்சந்திரன் நாயர் என்ற கான்ஸ்டபிள் வெளியிட்ட ஒப்புதல் தலைகீழாக்கியது, ஸி.பி.ஐ. விசாரணை நடந்து, 2010-இல் ஓய்வு பெற்ற ஐ.ஜி. ஒருவர் ஆயுள்தண்டனை பெற்றார்.

பெல்ஃபாஸ்டில் 1972 டிசம்பரில், பத்துக் குழந்தைகளின் தாயான ஜீன் மக்கான்வில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு மறைந்தார்; எலும்புகள் கிடைத்தது 2003-இல், லவுத் ஜில்லாவின் கடற்கரை ஒன்றில். இதனிடையே, இறந்தபின்தான் வெளியிடுவோம் என்ற வாக்குறுதியின்பேரில் பழைய போராளிகள் பலர் பாஸ்டன் கல்லூரிக்காகத் தங்கள் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். போலீஸார் அவற்றைக் கொலை வழக்கின் சாட்சியமாகக் கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். 2019-இல் பெல்ஃபாஸ்ட் நீதிபதி, அப்பதிவுகள் நம்பத்தக்கவையல்ல என்று தள்ளிவிட்டார். அதற்கு முந்தின ஆண்டு வெளியான ‘சே நத்திங்’ நூலிலோ, பாட்ரிக் ராடன் கீஃப், இத்தகைய வாக்குமூலங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, சுட்டவர் இன்னாரென்று தாமே ஊகித்துப் பெயரும் சொல்கிறார். அந்த அத்தியாயத்தின் ஊகம் மிக நேர்த்தியானது; க்ராஃப்ட்ஸின் நாவலாக இருந்திருந்தால் கைதட்டியிருப்பேன். உயிரோடிருக்கும் ஒருவருடைய பெயராகையால், அந்தப் பக்கங்களை நான் இன்றுவரை நீதிபதியின் பக்கம் நின்றே படிக்கிறேன்.